சக்கர நாற்காலி போன பாதை

செத்துப்போன ஒரு கிழவர்மீது நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து நாலாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது அது.

என் மனைவி எனக்கு ஏழு வருடங்களுக்கு முன்னரே இந்த ஊருக்கு வந்துவிட்டாள். நான் மன்னாரில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டு தொலைபேசியில் குடும்பம் நடத்தினேன். அவள் இங்கே பொலிதேயாமாப் பகுதியில், எல்லோரும் புரோபெசோரே என்று அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பராமரித்தாள். அவரால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் வைத்து அவரை ஊரெல்லாம் தள்ளித் திரிவதுதான் அவளுடைய வேலையில் பாதி. எனக்கு விசா கிடைப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவர் இறந்துபோனார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அவள் செய்த முதல் காரியம், என் கையிலிருந்த பெட்டி வண்டிலைப் பறித்துத் தானே தள்ளியதுதான். அன்பு என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. எனக்கு ஊர் காட்டுவதற்காக அவள் தான் இப்போது வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவிடம் கெஞ்சி அன்று முழு நாளும் லீவு எடுத்திருந்தாள். நான் புதுச் சேர்ட் போட்டு, சென்ற் அடித்துப் புறப்பட்டேன். இரண்டாவது தேனிலவு என்று என் எண்ணம். முதலாவது, மடு மாதா கோவிலுக்குப் போய் வந்ததோடு முடிந்திருந்தது.

அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டை விட்டு இறங்கினால் சந்தை. மீன்காரன், பழக்காரி, ஒலிவ் விற்பவன், எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. கிழவர் இறந்த பிறகு, சந்தை நேரத்தில் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லையாம். ஆனால் அவளைக் கண்டதும் ஒருவராவது முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகளுக்கு முன்னால், இடுப்பளவு உயரத்தில் இருந்த வெற்றிடத்தைத்தான் பார்த்தார்கள். அது நாற்காலி இருக்க வேண்டிய இடம். அடுத்ததாக அவள் முகம். கடைசியாக, போனால் போகட்டும் என்று, நான்.

ஒலிவ் விற்பவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

“என்னவாம்?” என்றேன்.

“புரோபெசோரே போனது இவருக்கு இப்பதான் தெரியுமாம். கவலைப்படுறார்.”

“நான் வந்தது தெரியுமாமோ?”

அவள் சிரித்தாள். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டாள்.

நடந்தோம். பெரிய நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. சுற்றிவரத் துணியில்லாத கற்சிலைகள். மன்னாரிலிருந்து வந்தவன் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய காட்சிதான். அவளோ தெருவில் நின்றபடி விரலை நீட்டி, “மேலை ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. வாங்கோ, போவம்” என்றாள்.

“ஏறிப் பாத்தா என்ன?”

“படி” என்றாள், அதுவே போதும் என்பதுபோல.

சிவப்புக் குவிமாடங்கள் வைத்த ஒரு பழைய கோவிலுக்கும் அதே கதிதான். வாசலில் படி, ஆகவே உள்ளே போகவில்லை. நேராகப் போகக்கூடிய ஒழுங்கையை விட்டுவிட்டு ஒரு பெரிய சுற்றுச் சுற்றினாள். ஏன் என்று கேட்டால், “அங்கை கல் எழும்பி நிக்கும். நாங்கள் இதாலைதான் போறனாங்கள்” என்றாள். நாங்கள் இந்த நிழலில்தான் நிற்பது, நாங்கள் இந்தக் கடையில்தான் கோப்பி குடிப்பது, இங்கேதான் கழிவறைக் கதவு அகலம். அந்த நாங்களுக்குள் நான் இல்லை என்பது மத்தியானத்துக்கு முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. நாலு சக்கரங்கள் உருளக்கூடிய பலெர்மோவை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதைத்தான் எனக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கபேயில் என்னை இருத்திவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்காமலே போய் எலுமிச்சை கிரானித்தா வாங்கி வந்தாள். ஐஸை நொறுக்கிப் புளிப்பு ஊற்றிய சாமான். புளிப்புப் பட்டால் எனக்குப் பல் கூசும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி. இரண்டு வாய் நான் சாப்பிட்டிருப்பேன், கடதாசியை எடுத்து என் வாயோரத்தைத் துடைக்க வந்தாள்.

“என்னப்பா செய்யிறீர்?”

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். “பழக்கம்” என்றாள்.

மிச்சம் முழுவதையும் நானே தின்றேன், பல் கூசக் கூச, வீம்புக்கு. நெஞ்சு எரிந்தது. ஏழு வருடங்களாக நான் வெறும் குரல், அவர் ஆள். தலைவாரி விட்டது அவருக்கு, வாய் துடைத்து விட்டது அவருக்கு, வெயில் படாமல் நிழல் தேடிக் கொடுத்தது அவருக்கு. எண்பது வயதுக் கிழவரடா, அதுவும் செத்துப்போனவரடா என்று என்னை நானே ஏசிப் பார்த்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். உயிரோடு இருந்தாலாவது ஒரு சண்டை பிடித்திருக்கலாம்.

பின்னேரம் மூன்றரை மணிபோலப் பேராலயத்துக்கு வந்தோம். வாசலுக்கு ஏற நாலைந்து படிகள். அவள் வழக்கம்போல ஓரத்தில் இருந்த சரிவுப் பாதைப் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு ரெண்டு காலும் இருக்கப்பா!”

கத்தியே விட்டேன். அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மேலே பார்த்தேன். கூரையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

“அங்கை எப்பிடிப் போறது?” என்று குரலைத் தணித்துக் கேட்டேன்.

“உள்ளுக்காலை படி. நூறுக்கு மேலை இருக்குமாம்.”

“நீர் போனனீரோ?”

“ஒருநாளும் இல்லை.”

அன்று முழுவதும் என் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. பாஷை தெரியாவிட்டால் என்ன, இரண்டு விரலைக் காட்டி நானே சீட்டு வாங்கினேன்.

சுருள் படி. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் ஏறலாம். இங்கே எந்த நாற்காலியும் வராது என்று ஒவ்வொரு படியிலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கியபடி, பின்னாலிருந்து என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “மெல்லமாப் போங்கோ” என்றாள். நூறு படி போதாது, இருநூறாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மேலே நல்ல காற்று. ஒரு பக்கம் மலை, அதற்கு இப்பால் துறைமுகம், கடல். நடுவில் ஓட்டுக் கூரைகளும், மொட்டை மாடிகளில் காயும் துணிகளும். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். இதை அவளுக்குக் காட்டியவன் நான். அந்தக் கிழவர் காட்டாத ஒன்றை நான் காட்டிவிட்டேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் கீழே பேராலய முற்றம் தெரியும் பக்கச் சுவரோரம் போனாள்.

“இஞ்சாருங்கோ, கீழை அந்த மரத்தடியிலை ஆக்கள் குந்தி இருக்கிற வாங்கு தெரியுதோ?”

“தெரியுது.”

“அதிலை இருந்துதான் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு உங்களோடை கதைக்கிறனான்.”

எனக்கு ஞாபகம் வந்தது. தொலைபேசியில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கோவில் மணி அடிக்கும். யாரோ இருமுவார்கள்.

“அவரும் பக்கத்திலையோ?”

“ஓம். நீங்கள் எடுக்கப் பிந்தினால் மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டுவார். நான் சிரிச்சால் அவரும் சிரிப்பார். மேலை ஏறிப் பாத்திட்டு வா, நான் இஞ்சை இருக்கிறன் எண்டு எத்தினை தரம் சொன்னவர். அவர் வரட்டும், அவரோடைதான் ஏறுவன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“எவர்?”

“வேறை ஆர்? நீங்கள்தான்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “சரி, நீங்கள் ரெண்டு பேரும் ஏறுற அண்டைக்கு நான் கீழை இருந்து கை காட்டுறன் எண்டவர்.”

நாலு மணி அடித்தது. அந்த வாங்கில் ஒரு சுற்றுலாத் தம்பதி இருந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மேலே பார்க்கவில்லை. அவள் வலது கையை உயர்த்தி, அந்த வாங்குக்குப் பக்கத்திலிருந்த வெறும் நிலத்தைப் பார்த்துக் கை காட்டினாள். மெதுவாக, வெகு நேரம் காட்டினாள்.

ஏழு வருடங்கள் கழித்து என்னைக் கண்ட அன்று விமான நிலையத்தில் அவள் இப்படிக் கை காட்டவில்லை. எனக்கு மறுபடியும் நெஞ்சு எரிந்தது. அவளுடைய மற்றக் கை சுவரின்மேல் சும்மா இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.