ஆணியில் தொங்கும் சாவிகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், என் தலைக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது. வீட்டை வாங்கும்போதே இருந்தது. சாமி படம் மாட்ட அடித்தது என்று நினைத்தேன். இந்தத் தெருவில் எல்லாமே கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கின்றன. மின்சாரக் கணக்கு எடுக்க வருபவர், மீட்டரைப் பார்க்க நாற்காலி கேட்பார். பிளக் போடும் இடங்கள் என் தோளுக்கு மேலே. சுவரின் கீழ்ப்பாதிக்கு, ஜன்னல் விளிம்பு வரைக்கும், கரும்பழுப்பு எனாமல் அடித்திருந்தார்கள். அழுக்கு தெரியாது, நல்ல புத்திசாலிகள் என்று பாராட்டினேன். நான் குள்ளம், அதனால்தான் எல்லாம் எட்டவில்லை என்று என் கணவர் கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

நான் பிறந்தது மலேசியாவில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் கூலிக்காரர் வீடுகளை லயம் என்போம். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். தோட்டம் கைமாறி, மரங்களை அழித்து வீடு கட்டி விற்கப்போகிறோம் என்று சொன்ன வருடம், ஒருநாள் வேலை முடிந்து வந்தால் எங்கள் கதவில் நிர்வாகத்தின் பூட்டு தொங்கியது. சாவி கணக்கெழுதும் கிராணியின் கையில். சட்டி பானையை எடுக்கக்கூட அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. பள்ளிச் சீருடையோடு நானும் நின்றேன். அம்மா அழவில்லை. அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எந்த வாடகை வீட்டிலும் அவள் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

என் கணவர் அங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். அவருடைய தாத்தா காலம் வரைக்கும் பிறத்தியார் நிலத்தில் நடவு நட்டு, பிறத்தியார் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வேலை அனுமதி முடிந்தபோது அவர் திரும்பினார், நானும் கூடவே வந்தேன். பாஷை ஒன்றுதானே, சமாளித்துவிடலாம் என்று தைரியமாகத்தான் விமானம் ஏறினேன். வந்த முதல் வாரமே, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "பசியாறிட்டீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாது? ஓ, நாஷ்டாவா?" என்றாள். அன்றைக்கே நாஷ்டாவுக்கு மாறிவிட்டேன்.

முதலில் திருவள்ளூர் மணவாள நகரில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டு அம்மாள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அவர் படுக்கையறையில் இருந்தது. நான் எப்போது துணி துவைக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். எங்களுக்கு விருந்தாளி வந்தால் மாடிப்படியிலிருந்தே எட்டிப் பார்த்து, "எத்தினி நாளு இருப்பாங்க?" என்று கேட்பார். கடைசியில் ஒரு நாள், முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து, "பையனுக்குக் கல்யாணம் வச்சிக்கினு இருக்கோம். ஊட்ட காலி பண்ணிக் குடுத்துடும்மா" என்றார். முறுக்கு நன்றாக இருந்தது. இரண்டாவதை எடுக்காமல் தட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. அவருக்கு அப்போதுதான் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாடகைக்குப் பார்ப்போம் என்றார் அவர். வாங்கியே தீர வேண்டும் என்றேன் நான்.

"கம்பெனி இன்னிக்கு இருக்கும், நாளிக்கு மூடிக்கினு போவான். ஊடு வாங்கிட்டா நாம எங்க போறது?"

"எங்கேயும் போக வேண்டாம்னுதானே வாங்கச் சொல்றேன்."

"வாடகைன்னா புடிக்கலன்னா கெளம்பிடலாம்."

"அதையேதானே அவங்களும் சொல்றாங்க, கெளம்புன்னு!"

சண்டையில் நான் எப்போதும் கடைசி வார்த்தையைப் பிடித்துவிடுவேன்.

தரகர் காட்டிய வீடு கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், நெல் வயல்களுக்கு ஓரமாகப் போட்ட மனைப்பிரிவில் இருந்தது. பங்குனி மாத வெயில். தெருக்கோடியில் கோரைப்புல் காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு மண்கரை. கரைக்கு அந்தப்புறம் ஏரி என்று சொன்னார்கள். ஏறிப் பார்த்தேன். பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்து வீடுகள் மேட்டில் இருக்கும், மழைத்தண்ணீர் சரிந்து பள்ளத்துக்கு ஓடிவிடும். எனவே எங்கள் ஊரில் வீடு பார்ப்பது என்றால் கூரையைப் பார்ப்பதுதான். நானும் தலையை அண்ணாந்து தளத்தை ஒரு சுற்று பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பத்திரங்களை வக்கீல் பார்த்தார், பட்டா சுத்தமாக இருந்தது. தரையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

தரகர் தெலுங்கு கலந்து பேசுகிறவர். "இன்னா நைனா யோசிக்கிறே? டப்பு கையில இருக்கசொல்ல முடிச்சிடு" என்று என் கணவரை உந்திக்கொண்டே இருந்தார். விற்றவர் பேசவே இல்லை. பதிவு முடிந்த பிறகு, மறந்துபோன மின்சார அட்டையை வாங்க அவர் இருப்பிடத்துக்குப் போனேன். கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், வாடகைக்கு இருந்தார். சொந்த வீட்டை விற்றுவிட்டு யாராவது வாடகைக்கு வருவார்களா? கேட்டேவிட்டேன்.

"மாடி ஊடும்மா. காத்து நல்லா வரும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை நீட்டினார்.

புதுமனைப் புகுவிழாவில் பால் பொங்கியது. வீடியோவில் அம்மாவுக்கு ஒவ்வோர் அறையாகக் காட்டினேன். கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சாவியைக் காட்டச் சொன்னாள். அதையும் காட்டினேன். தீபாவளிக்கு வருகிறேன் என்று டிக்கெட் போட்டுவிட்டாள்.

தெருவில் எங்களைத் தவிர எல்லாரும் வாடகைக்காரர்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற குடும்பங்கள். சொந்தக்காரர்கள் ஒருவரும் இங்கே இல்லை. வாடகை மணவாள நகரில் கொடுத்ததில் பாதிகூட வராது என்று கேள்விப்பட்டபோது, பாவம், ஊர் வளரவில்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண் என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். புருஷனும் அவளும் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை. அவள் வீட்டுக்குள் போனால் அரிசி டிரம் பரண் மேல், துணிகள் பரண் மேல், கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல். "எலித் தொல்லையா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "எலியும் அப்ப மேலதான் ஏறும் அக்கா."

"மேல ஏறுமா? எப்போ?" என்று கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். அந்தக் கலங்கலிலிருந்து தண்ணீர் போகும் வழியில்தான் எங்கள் தெரு.

"ஏன் யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"தெரிஞ்சிக்கினுதான் வாங்குனீங்கன்னு நெனச்சோம் அக்கா. காலி பண்ணிக்கினு போறதுக்கு எங்களுக்கு இன்னா? ஒரு பை போதும்."

பயத்தை வெளியே காட்டவில்லை. நாங்கள் மழையிலேயே பிறந்தவர்கள், எங்களுக்கு மழையைக் காட்டுகிறீர்களா என்று வீராப்பாகப் பேசிவிட்டு வந்தேன். வந்து சுவரின் கரும்பழுப்பை நகத்தால் சுரண்டினேன். எனாமல் உரிந்த இடத்தில் சுவர் உப்புப் பூத்து, பொரபொரவென்று கையோடு வந்தது.

ஐப்பசியில் அம்மா வந்து இறங்கினாள். முழங்கால் வலி, படி ஏறுவதென்றால் முனகுவாள். ஆனால் எங்கள் வாசல் படிகளில் மட்டும் முனகாமல் ஏறினாள். வந்தவள் பையைக்கூட வைக்காமல் கதவைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் சுத்தியல் கேட்டு வாங்கி, சுவரில் ஓர் ஆணி அடித்து, அப்பா படத்தை மாட்டினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு ஏரியைப் பற்றி எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது எதிர்வீட்டுப் பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். ஒரு பை தோளில், இன்னொன்று தலையில்.

"அக்கா, எங்க அம்மா ஊட்டுக்குப் போறோம். நீங்களும் வந்துடுங்களேன். அங்க எடம் இருக்குது" என்றவள் என் அம்மாவைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு ஒரு சாவியை நீட்டினாள். "ஊட்டுக்காரரு ஆள் அனுப்புனா தொறந்து காட்டுங்க. நீங்கதான இங்க இருப்பீங்க."

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ஒவ்வொருவராக, பையும் பிள்ளையுமாக, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொல்லிவைத்தது போல எல்லாரும் அதையே சொன்னார்கள்: நீங்கதான இங்க இருப்பீங்க. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சாவியையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்யாண வீட்டு மொய்கூட அவ்வளவு பக்தியோடு வாங்கியிருக்க மாட்டாள்.

"பாத்தியா, ஊருச் சாவியெல்லாம் நம்ம வீட்டுல" என்றாள். "அந்தக் கிராணி மட்டும் இப்ப பாக்கணும்!"

"அம்மா, நாமளும் ரெண்டு நாளைக்கு வெளியே போயிருப்போம்."

"பைத்தியமா லா உனக்கு? வாடகைக்கு இருக்கறவங்க போவாங்க. சொந்தக்காரி எங்கே போவா?" அழுத்திப் பேசும்போது அம்மாவுக்கு மலேசியாவின் 'லா' தானாக வரும்.

கணவரும் கெஞ்சினார். "அத்தே, பேஜாராயிடும், சொன்னா கேளுங்க. வண்டி சொல்றேன்." அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாவிகளைக் கயிற்றில் கோத்து, நாற்காலி மேல் ஏறி, அந்த உயரமான ஆணியில் மாட்டினாள். அப்போதுதான் அந்த ஆணி எதற்காக அங்கே அடிக்கப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவரும் இந்தத் தெருவின் ஒரே சொந்தக்காரர்தான். இதே சாவிகளை வாங்கி வைத்துக்கொண்டுதான் அவரும் உட்கார்ந்திருந்திருப்பார்.

தண்ணீர் வாசலை ஒட்டிய மேல்படிக்குக் கீழே வந்து நின்றது. மின்சாரம் இல்லை. தெரு முழுக்கப் பூட்டிய கதவுகள், தவளைச் சத்தம், நாங்கள் மூன்று பேர். நான் அந்த நாட்களில் படியை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. அம்மா மட்டும் நிம்மதியாகக் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள்.

வெயில் வந்ததும் வாடகைக்காரர்கள் திரும்பினார்கள். அம்மா சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். "நாங்க இருந்தோம்ல, ஒண்ணும் ஆகல" என்று பெருமை வேறு. எதிர்வீட்டுப் பெண் எங்கள் படியில் சேறு படிந்திருந்த கோட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இது வெறும் மழைத் தண்ணி அக்கா. ஏரித் தண்ணி இன்னும் வரல."

அம்மா ஊருக்குத் திரும்பினாள். விற்றுவிடலாம் என்று நானே வாய் திறந்தேன். கணவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தரகர் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, பங்குனி வரட்டும், அப்போதுதான் ஆள் வரும் என்றார். பங்குனியும் வந்தது. ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் போலவே அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள். "கீழே பாரும்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். தரகர் அதோடு எங்களுக்கு ஆள் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார்.

இந்த வருடம் அம்மா ஆவணியிலேயே வந்துவிட்டாள், ஒரு பெரிய இரும்புப் பெட்டியோடு. திறந்தால் அவளுடைய சாமி படங்கள், அம்மி, பால்மரம் வெட்டிய உளி. "அங்கே வீட்டைக் காலி பண்ணிட்டேன்" என்றாள். "சொந்த வீடு இருக்கும்போது எதுக்கு லா வாடகை?" விசா கணக்கெல்லாம் அவள் தலைக்கு ஏறாது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அவளிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், அதே கட்டடம். எங்களுக்கு வீட்டை விற்றவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆத்திரத்தோடுதான் படியேறினேன், நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று. என்னைக் கண்டதும் அவர் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"பக்கத்து போர்ஷன் காலியாத்தாம்மா இருக்குது. உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கணவருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது புரட்டாசி. மழைக்காலம் இன்னும் பிறக்கவே இல்லை. நேற்று மத்தியானம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள், தோளில் ஒன்று, தலையில் ஒன்று.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றேன்.

"மேல ஆந்திராவுல மழை கொட்டிக்கினே கீது அக்கா. கரை மேல ஏறிப் பாத்தீங்களா?"

நான் ஏறிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் நீட்டிச் சாவிகளை வாங்கினாள். கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டு, இன்னார் வீடு இன்னார் வீடு என்று சரிபார்த்தாள்.

"எல்லார் சாவியும் வந்திருச்சா?" என்று கேட்டாள்.

"வந்திருச்சும்மா" என்றேன்.

அந்த மாடி வீட்டுச் சாவி என் கைப்பையில் இருந்தது.