ராகு காலம் முடிந்த மறுநொடி

கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தால் தாலியை யார் தொலைத்தாலும் முதல் திட்டு நமக்குத்தான். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மேடை, இரண்டு மாப்பிள்ளை

மயிலாப்பூரில் எங்கள் மண்டபத்துக்கு ஆன்லைன் புக்கிங் வந்த புதிது. ஒரே தை முகூர்த்தத்துக்கு அபிராமபுரத்து வீட்டுக்கும் அடையாறு வீட்டுக்கும் ‘உறுதி’ என்று செய்தி போய்விட்டது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்தாகிவிட்டது. நான் இரண்டு பக்கமும் காசுக்குக் கை நீட்டியதாக முதலாளியின் மருமகன் முடிவே கட்டிவிட்டான். வேறு காரணம் தெரியாவிட்டால் என் வேலை போகும். அடையாறு பெண்ணின் அப்பா நேரில் வந்து கேட்டார்: “மேடையில எந்தப் பொண்ணு குந்தணும்னு நீயே சொல்லு நைனா.”

சோதித்தால் ஒளியும் தப்பு

புரோகிராம் எழுதிய பெண் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். ஒவ்வொரு புக்கிங்கும் உள்ளே தனித் த்ரெட்டாக, தனி இழைபோல, ஓடுமாம். எது முந்தும் என்று எழுதியவளுக்கே தெரியாதாம். இரண்டும் ஒரே நொடியில் ‘காலி’ என்று பார்த்தால் இரண்டுமே பதிந்துவிடுமாம். “ஆனா அப்படி அமையறது ரொம்ப அபூர்வம் அங்கிள்” என்றாள். இரண்டு போனில் அவள் அமுக்கிப் பார்த்தபோது ஒன்றுக்கு மட்டுமே ‘உறுதி’ என்று ஒழுங்காகவே வந்தது. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு, விசாரிக்க வந்திருந்த இரண்டு வீட்டு அப்பாக்களிடமும் போனைக் கொடுத்தாள். இருவருமே தொடவில்லை. வெறும் சோதனைதான் என்றாலும் ராகு காலத்தில் அமுக்க மாட்டார்களாம். புக்கிங் செய்த அன்றைக்கும் ராகு காலம் முடியட்டும் என்று அப்படித்தான் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். பன்னிரண்டு ஆனது. இருவரும் ஒரே நொடியில் அமுக்கினார்கள். இரண்டு போனிலும் ‘உறுதி’. முதலாளியோ, முதலில் இது சரியாக ஓடட்டும், உன் விஷயம் அப்புறம் என்றார். அடையாறுக்காரர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்: “அப்போ ராகு காலத்துலயே அமுக்கியிருந்தா எம் பொண்ணுக்கு இந்த ரோதனையே வந்திருக்காதா கண்ணு?”

பூட்டும் மாட்டிக்கொண்டது

அபிராமபுரத்தார் வேறு முகூர்த்தத்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்தப் பெண் புரோகிராமில் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தனித்தனியே பூட்டுப் போட்டாள்: ஒரு த்ரெட் பார்த்துப் பதியும்வரை மற்றது வெளியே நிற்கும். அடுத்த வாரமே திரை உறைந்துவிட்டது. ஒரு வீடு மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குக் காத்திருக்கிறது. இன்னொரு வீடு கூடத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குக் காத்திருக்கிறது. இரண்டும் விடவில்லை. யாரானாலும் முதலில் மண்டபம், பிறகுதான் கூடம் என்று அவள் மாற்றிய பிறகே நகர்ந்தது.

முதலாளி என்னை வேலையில் இருக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற மருமகன் சொன்னான்: “நீ காசு வாங்கலன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

எந்த த்ரெட் முந்தும் என்று சொல்ல முடியாதாம், ஆனால் எங்கள் மண்டபத்தில் பழிதான் முந்தும், மன்னிப்பு கிளம்பவே கிளம்பாது என்று நான் எழுதியே தருவேன்.