பொழுதோடு வீடு வந்த நாள்

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் நான் விடுதிப் பொறுப்பாளராக இருந்தேன். பெற்றவர்கள் எல்லாரிடமும் என் நம்பர் இருந்தது. 'பையன் சாப்புட்டானுங்களா மேடம்?', 'புள்ளைக்கு இருமல் நின்னுருச்சுங்களா?' என்று விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். வாய் வலிக்க வலிக்கப் பதில் சொல்வேன். என் சொந்த மகள் சாப்பிட்டாளா என்று கேட்க நேரமிருக்காது. மூன்றாவது படிக்கிறாள். அவள் அப்பா லாரியோடு வடக்கே போய்விடுவார். அடுத்த தெருவில் என் கொழுந்தனார் வீடு. அவர் மனைவிதான் அவளைப் பார்த்துக்கொண்டது.

ஒருநாள் ரத்தக் கொதிப்பு ஏறி விடுதி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போதுமடா சாமி என்றாகிவிட்டது. தாளாளரிடம் போய், பகலோடு முடிகிற வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் நான் நின்றுகொள்கிறேன் என்று நேராகவே சொன்னேன். புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு மாற்றினார். 'மேடத்த ஓரங்கட்டிட்டாங்களாட்ட இருக்குது' என்று ஆசிரியர் அறையில் என் காதுபடவே பேசினார்கள். கட்டினால் கட்டட்டும், உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

புது வேலையின் முதல் நாள் சாயங்காலம், கிளம்பும் நேரத்துக்கு எனக்குப் பதிலாக வந்த விடுதிப் பொறுப்பாளர் போனில் கூப்பிட்டார். 'ரெண்டு பசங்க அடிச்சுக்கிட்டாங்க மேடம், என்ன பண்றதுங்க?'

'இனி அது உங்க பாடுங்க. நான் ஊட்டுக்குக் கெளம்பறேன்' என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. எந்தப் பசங்க, அடி பலமா என்றாவது கேட்டிருக்கலாம். இத்தனைக்கும் நானே கேட்டு வாங்கிய வேலை! பள்ளி வாசலில் காவலாளி எழுந்து வந்தார். 'ஏனுங்க மேடம், ஒடம்புக்கு முடியலீங்களா?' வெயில் தாழும் முன்னே நான் வெளியே போய் அவர் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'நல்லாத்தானுங்க இருக்கறேன்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கொழுந்தனார் வீட்டு வாசலில் அவள் சித்தியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்; சித்தி சடை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மகள் பாதிச் சடையோடு எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

'அம்மா, அப்பாவுக்கு என்னாச்சுங்க?'

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. என் மாமனார் இறந்த அன்றைக்கு மட்டும்தான் நான் பொழுதோடு வந்து அவளை இங்கிருந்து கூட்டிப்போயிருக்கிறேன். விளங்கியதும் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

'யாருக்கும் ஒண்ணுமில்ல சாமி. இனிமே தெனமும் இந்நேரத்துக்கு வந்துருவேன்.'

'பொய் சொல்றீங்க' என்று அழ ஆரம்பித்தாள்.

சித்திதான் என் கணவருக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தாள். அப்பாவின் குரலைக் கேட்ட பிறகே அழுகை அடங்கியது.

'வா சாமி, மிச்சத்த அம்மா பின்னி விடறேன்.'

'வேண்டாங்கம்மா. உங்களுக்கு வேலையிருக்கும்' என்று சொல்லிவிட்டு, சித்தியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.