சிதம்பரத்தில் நான் ஜெயித்த வாதம்

என் அண்ணனை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், ஆறு வயதில், சுனாமியில் போய்விட்டான். இருந்தும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவனை வைத்து ஒரு கோப்பை ஜெயித்தேன்.

பத்தாவதில் கணக்கு என் காலை வாரிவிட்டதால் கலைப் பிரிவில் சேர்ந்தேன். அதில் ஒரு பாடம் அறவியல். புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தாலும் எங்கள் டீச்சர் நடத்தியதென்னவோ தத்துவம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிறவர்கள் இருந்தார்கள், பேங்க் பரீட்சை எழுதுகிறவர்கள் இருந்தார்கள். தத்துவம் படிக்கிறவள் நான் ஒருத்திதான். அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய் என்று அப்பா கேட்டார்.  ஆறே மாதத்தில் வீட்டில் யாரும் என்னிடம் நிம்மதியாகப் பேச முடியாத நிலைமை வந்துவிட்டது. மழை வரும்போல இருக்கிறது என்று அம்மா சொன்னால், அது நீயே கண்டதா, ஊகித்ததா, யாரோ சொன்னதா என்று கேட்பேன். அம்மா கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் மழையும் வரும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாதப் போட்டி வைத்தார்கள். ‘இத்தனை துன்பம் உள்ள உலகில் கடவுள் உண்டா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது ‘இல்லை’ என்ற கட்சி. வீட்டில் தலைப்பை மட்டும் சொன்னேன், எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. மகள் கடவுளைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று அம்மா மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அவளே என்னோடு கிளம்பினாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற ஊதாப் புடவையில், மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, தேவனாம்பட்டினம் கடற்கரை, புதுச் சட்டை போட்ட ஆறு வயதுப் பையன் என்று ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அந்தக் காலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதனால் போட்டோவில் அவன் போட்டிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நானே இட்டுக்கட்டியிருந்தேன். கையில் கேக் துண்டு என்று வைத்தேன். அந்தப் பையன் என் அண்ணன் என்று சொல்லிவிட்டு, கண்ணாடி முன்னால் பழகியபடி மனசுக்குள் மூன்று வரை எண்ணினேன். 

“தடுக்க முடிந்தவர், அன்பும் உள்ளவர், ஒரு குழந்தை தண்ணீரில் போவதைத் தடுக்காமல் இருப்பாரா? ஒன்று, அவருக்குச் சக்தி இல்லை. அல்லது அன்பில்லை. மூன்றாவது வழி கிடையாது.”

கைதட்டல் அடங்கவே இல்லை. நான் அம்மாவைத் தேடினேன். தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் ஒன்றையொன்று தொடாமல் அவள் மார்புக்கு நேரே அப்படியே நின்றிருந்தன. பக்கத்திலிருந்த அம்மாள் ஏதோ கேட்கிறாள், இவளுக்குக் காதில் விழவில்லை.  கோப்பையைக் கொடுத்த நடுவர், மனதைத் தொட்ட உதாரணம் என்று பாராட்டினார்.

பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. கடவுள் இல்லை என்று பேசியதற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்து, “ம்மா, அது போட்டிக்குத்தாம்மா. நான் நெசமாலும் அப்படி நம்பல” என்றேன்.

“கேக் இல்ல” என்றாள் அம்மா. “அவன் கையில முறுக்கு இருந்துச்சு. நான்தான் குடுத்தேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“வூடு நெறைய சொந்தக்காரங்க. சமைக்க உடாம காலச் சுத்திச் சுத்தி வந்தான். எதிர் வூட்டுப் புள்ளைங்க பீச்சுக்குப் போறோம்னு கெளம்புனாங்க. நீயும் கூடப் போய்த் தொலைடான்னு சொன்னேன்.”

 விளையாடப் போன இடத்தில் அலை கொண்டுபோய்விட்டது என்ற ஒரு வரியை மட்டும்தான் நான் கேட்டு வளர்ந்தேன். யாரோ அனுப்பித்தான் அவன் போனான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

“கையப் புடிச்சி இழுத்திருந்தா நின்னுருப்பான். தடுக்க முடிஞ்சிதானே இருந்துச்சு எனக்கு? அப்போ அன்பு இல்லியா? அப்படித்தானே மேடையில சொன்ன?”

“ம்மா, நான் கடவுளச் சொன்னேன்.”

“எனக்கு என்னையே சொன்ன மாதிரிதான் இருந்துச்சு.”

 என்னவாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்தேன். வகுப்பில் படித்தவை எல்லாம் தலைக்குள் தாறுமாறாக ஓடி, கடைசியில் ஒன்று கிடைத்தது.

“அலை வரும்னு உனக்குத் தெரியாதும்மா. கடவுளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்றாங்க. அதனால ரெண்டும் வேற வேற. என் வாதம் உனக்குப் பொருந்தாது.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஆமா, தெரியாது” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

‘போய்த் தொலைடா’ என்ற அந்தச் சொற்களை அவள் பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம்கூட இல்லை, அப்பாவுக்கே தெரியாது என்பதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு அவள் கையையாவது நான் பிடித்திருக்கலாம். எனக்கோ, சரியான பதிலைச் சொல்லி அம்மாவைத் தேற்றிவிட்டோம் என்று ஒரே நிம்மதி. கடலூர் முதுநகர் வரும்வரை அவள் தோளிலேயே சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன்.