அப்பா இரண்டு முறை கெடுத்த ஆராய்ச்சி

டிப்போவில் அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் நிதானம். பதினான்காம் எண் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர். நிறுத்தத்தை நோக்கி யாராவது ஓடிவருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்துவிட்டால் போதும், மனிதர் வண்டியை எடுக்கவே மாட்டார். ஓடிவருகிறவர் கையில் பையோ குழந்தையோ இருந்தால் தலையை வெளியே நீட்டி, "மெதுவா வாங்க, வண்டி எங்கேயும் போயிடாது" என்று சமாதானம் வேறு சொல்வார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவர்களும் போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ அப்படி ஓடிவந்து ஏறியவர்கள்தான் என்பதால் அது சண்டை வரைக்கும் போவதில்லை. வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர்தான் பாவம், தினமும் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, உங்களுக்கு வாட்ச் எதுக்கு? ஒரு காலண்டர் போதும்."

இப்படிப்பட்டவர் தன் சர்வீஸிலேயே ஒரே ஒரு வாரம் நிமிடம் பிசகாமல் வண்டி ஓட்டினார். அந்த வாரம் அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

அவருக்கு ஒரே மகள், பதினோராம் வகுப்பு. வாயைத் திறந்தால் கேள்விதான். தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் இரைச்சல் போட்டுவிட்டு, கொதிக்கும்போது ஏன் அடங்கிவிடுகிறது என்று ஐந்து வயதில் கேட்டு, மருந்துக் கடை வேலை முடிந்து அலுத்து வந்த அம்மாவிடம், "அதாவது அடங்குதே, நீ எப்ப அடங்குவ?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். இந்த வருடம் அவளுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஆறு வார அறிவியல் முகாம் நடத்துகிறது. அங்கேயே தங்கி, நிஜமான ஆய்வுக்கூடத்தில், நிஜமான விஞ்ஞானிகளோடு வேலை. இடம் நாற்பது. போன வருடம் விண்ணப்பித்தவர்கள் மூவாயிரத்து இருநூறு பேர்.

"எண்பதுல ஒருத்தருக்குத்தான்பா கிடைக்கும்" என்றாள்.

"என் வண்டியில தினமும் எண்பது பேர் ஒரே நேரத்துல ஏறுறாங்க பாப்பா. உனக்கு ஒரு இடம் இல்லாமலா போயிடும்?" என்றார் நிதானம். கணக்கு தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

விண்ணப்பத்தில் மதிப்பெண், ஆசிரியரின் கடிதம் எல்லாம் போக, ஒரு பகுதிதான் உயிர்நாடி. நீங்களாகவே கண்டுபிடிக்க முயன்ற ஒன்றைப் பற்றி எழுதுங்கள், எடுத்த அளவுகளையும் இணையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் நுண்ணோக்கியும் ரசாயனமுமாக இறங்கியபோது இவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். அரை மணி நேரம் ஒரு வண்டியும் வராது, பிறகு ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு வரும். ஏன்? நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் ஓட்டுநரைத் திட்டிவிட்டு ஏறிப் போய்விடுகிற விஷயம். இவளுக்கு அதில் வேறு ஏதோ இருப்பதாகப் பட்டது. ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டம் ஏறி முடிப்பதற்குள் வண்டி இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற ஆளே இருக்காது, அது பறந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஓட்டுநர் என்ன செய்வார்? இதை எண்களை வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம்.

வியாழனும் வெள்ளியும், நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, நூலக நிறுத்தத்தில் நோட்டும் கையுமாக நின்று வண்டிகள் வந்த நேரத்தைக் குறித்தாள். அப்பாவுக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட் என்பதால் தைரியமாக நின்றாள். சொன்னால் சும்மா இருக்கமாட்டார் என்று தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் கூட்டாளி ஒருவருக்காக ஷிஃப்ட் மாறி, ஐந்தேகாலுக்கு அவரே வந்து நின்றார். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"வண்டி எப்ப வருதுன்னு குறிக்கிறேன்பா. முகாமுக்காக. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

ஒன்றும் பண்ண வேண்டாமாம்! இருபத்திரண்டு வருடமாக நேரம் குறிக்கிறவர்களைப் பார்த்து நடுங்கிய மனிதர் அவர். நேரம் குறிப்பது என்றாலே தப்புக் கண்டுபிடிக்கத்தான் என்பது அவர் அனுபவம். வண்டிகள் தாறுமாறாக வந்தால் மகளின் நோட்டு அசிங்கமாகிவிடும், மார்க் போய்விடும் என்று முடிவுகட்டினார். திங்கட்கிழமை மதியம் ஷிஃப்ட்டில் ஏறுவதற்கு முன் மற்ற ஐந்து ஓட்டுநர்களையும் ஓய்வறையில் உட்கார வைத்தார்.

"நம்ம புள்ள பெரிய படிப்புக்குப் போறா. நாலுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு நிமிஷம் பிசகக் கூடாது. என் மானத்தைக் காப்பாத்துங்கப்பா."

"இதை நீங்க சொல்றீங்க பாருங்க, அதுதான்ணே தாங்கல" என்றார் மீசை. டிப்போவில் பெரிய மீசைக்காரர், நிதானத்தின் நெருங்கிய கூட்டாளி. சிரித்தாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வாரம் பதினான்காம் எண் தடத்தில் நடந்ததைப் பயணிகள் நம்பவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து விட்டாற்போல வந்தது. டைம் கீப்பர் தன் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். மகளோ நோட்டில் வரைந்த கோட்டைப் பார்த்து விழித்தாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வெள்ளிக்கிழமை, நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"உங்கப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? நான் ஓடி வர்றதைக் கண்ணாடியில பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்!"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நோட்டை மேசைமேல் போட்டாள். "அப்பா, வண்டி எப்படித் தப்பா வருதுன்னுதான் நான் பார்க்கணும். நீங்க தப்பே நடக்காம பண்ணிட்டீங்க. இதை வெச்சு நான் என்னத்தை எழுதுறது?"

நிதானத்தின் முகம் செத்துப்போனது. அம்மா மட்டும், "இருபத்திரண்டு வருஷமா முடியாதது இந்த வாரம் முடிஞ்சுதா? கெட்டிக்காரர்தான்" என்று போகிறபோக்கில் ஒரு போடு போட்டுவிட்டுப் போனாள்.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கெடுத்தவரே சரிசெய்யக் கிளம்பினார். அதுதான் இரண்டாவது கூத்து. "எப்பவும் போல ஓட்டுங்கப்பா" என்று ஓய்வறையில் சொன்னார். எப்பவும் எப்படி ஓட்டுவோம் என்று யோசித்து யாராவது ஓட்ட முடியுமா? நல்லெண்ணம் கரைபுரண்டது. ஒருவர் ஆளில்லாத நிறுத்தத்தில் நின்று ஆள் வரக் காத்திருந்தார். மீசை நடுவழியில் இறங்கி ஆறு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். புதன்கிழமை நாற்பது நிமிடம் ஒன்றும் வராமல், பிறகு மூன்று வண்டிகள் ஊர்வலமாக வந்தன. மூன்றாவதை ஓட்டி வந்த நிதானம், நிறுத்தத்தில் நின்ற மகளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இதில் பெரிய சோதனை என்னவென்றால், அந்த நாடக வாரத்தின் கோடு அவள் நினைத்ததற்கு அச்சு அசலாகப் பொருந்தியது. அள்ளிக் கொடுத்தாற்போல அழகாக வந்திருந்தது.

"இதையே அனுப்பிடு பாப்பா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்ல?"

அவள் மூன்றையும் எழுதினாள். யாருக்கும் தெரியாமல் எடுத்த இரண்டு நாள், நேரம் தவறாத ஐந்து நாள், வேண்டுமென்றே தாமதமான ஐந்து நாள். எது ஏன் நம்பத்தகாதது என்றும் எழுதினாள். விண்ணப்பத்தின் கடைசியில் பெற்றோருக்கு ஒரு கட்டம் இருந்தது. மாணவரின் ஆய்வில் உங்கள் தலையீடு இருந்ததா, இருந்தால் விளக்குங்கள். இல்லை என்று ஒரு வார்த்தை போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது. நிதானம் பேனாவை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்:

"இருந்தது. நான் இரண்டு முறை கெடுத்தேன். முதல் வாரம் எல்லா வண்டியையும் சரியான நேரத்துக்கு ஓட வைத்தேன். இரண்டாவது வாரம் வேண்டுமென்றே தாமதமாக ஓட வைத்தேன். என் மகள் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. தயவுசெய்து அவளை இதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்."

மருத்துவர்களின் கிறுக்கலையெல்லாம் தண்ணீர்பட்ட பாடாகப் படிக்கும் அம்மா அதை வாங்கிப் படித்தாள். இந்த முறை கேலி ஒன்றும் வரவில்லை. "அனுப்பும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அனுப்பிய பிறகு நிதானத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் வாய்ப்பைத் தன் கையாலேயே எழுதிக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பு வண்டியிலும் விடவில்லை. இருபது நாள் கழித்து, நேர்காணலுக்குத் தேர்வான நூற்றிருபது பேரில் அவளும் ஒருத்தி என்று தகவல் வந்தபோதுகூட, "நல்லா பார்த்தியா? நம்ம பேர்தானா?" என்று நாலு முறை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் கணினித் திரையில் நேர்காணல். திரையில் ஒரு பெண் பேராசிரியர், இரண்டு ஆண்கள். மகள் கூடத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். மதிய ஷிஃப்ட்டுக்குக் காலையிலேயே சீருடை போட்டுக்கொண்ட நிதானம் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு வரைபடம் கொடுத்திருக்க. எதை நம்புற?" என்று பேராசிரியர் கேட்டார்.

"முதல் ரெண்டு நாளைத்தான் மேடம். ஆனா ரெண்டு நாளை வெச்சு எதையும் சொல்ல முடியாது. மறுபடி செஞ்சா நான் நிறுத்தத்துல நிக்கமாட்டேன். டிக்கெட் மெஷின்ல ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நேரம் பதிவாகுது. போன வருஷப் பதிவைக் கேட்பேன். அப்போ யாருக்கும் என்னைத் தெரியாது."

"இது முன்னாடியே தோணலையா?"

"விண்ணப்பத்தை அனுப்பினதுக்கு மறுநாள்தான் மேடம் தோணுச்சு. தலையில அடிச்சுக்கிட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு பேராசிரியர், "உங்கப்பா இருக்காரா? அவரைக் கொஞ்சம் பார்க்கணுமே" என்றார். நிதானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். திரைக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றார். கழுத்துக்குக் கீழேதான் அவர்களுக்குத் தெரிந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏங்க அப்படிப் பண்ணினீங்க?"

"மார்க் நல்லா வரணும்னுதாங்க" என்றார். "அப்புறம் இன்னொண்ணு. அந்த நிறுத்தத்துல நிழல் கிடையாதுங்க. புள்ள வெயில்ல நின்னுக்கிட்டிருந்தா. வண்டி லேட்டாகுற ஒவ்வொரு நிமிஷமும் அவ ரோட்டையே பார்த்துக்கிட்டு நிப்பாளேன்னு இருந்துச்சு. எனக்கு வேற ஒண்ணும் தோணலைங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்க. இவ இங்க வந்தா ஆறு வாரம் நீங்க எதுலயும் கை வைக்காம இருப்பீங்களா?"

"சத்தியமா இருப்பேங்க!"

"அது நடக்காதுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

முடிவு ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. நிதானத்துக்கு அன்று வாராந்திர விடுப்பு. சமையலறையில் ஒழுகும் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, எந்தத் துண்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். மகள் கைபேசியோடு வாசற்படியில் வந்து நின்றாள். திரையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். தேர்வாகியுள்ளீர்கள் என்று இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஈரக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அம்மா கடையிலிருந்து வந்து பார்த்தபோது இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழாய் அப்படியே கிடந்தது. அவளும் பையை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். டிப்போவுக்குச் சொன்னதும் தொலைபேசியில் ஒரே கூச்சல். எந்த வாரத்தால் கிடைத்தது, நேரத்துக்கு வந்த வாரத்தாலா, டயர் தட்டிய வாரத்தாலா என்று மீசை பெரிய வழக்கே நடத்தினார்.

கூச்சல் அடங்கிய பிறகு மகள் உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தாள். நேரம் தவறாத வாரத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். திங்கட்கிழமை. வரிசையாக எண்கள். நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி.

"இதை ஏன் பாப்பா விட்டுட்ட?"

"அது உங்க வண்டிப்பா. வளைவுல திரும்பும்போதே வாட்ச்சைப் பார்த்தேன். கரெக்ட் டைம். எங்கப்பா நேரத்துக்கு வந்துட்டாருன்னு அங்கேயே குதிச்சேன். பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். வண்டி போனதுக்கு அப்புறம்தான் எழுதலைன்னு ஞாபகம் வந்துச்சு. விண்ணப்பத்துல 'குறிக்கத் தவறியது'ன்னு போட்டேன். ஏன்னு எழுதல, வெக்கமா இருந்துச்சு."

நிதானம் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ மூணு தடவை கெட்டிருக்கு. ஒண்ணு உன் வேலை."

"ஆமாம்ப்பா" என்றாள் அவள்.