ராஜாவின் ஒரு பாய்ச்சல்

மூணாறு எஸ்டேட் ஆபீசில் நாங்கள் இரண்டே குமாஸ்தாக்கள். நான் கல்பாத்திக்காரன், நண்பர் திருநெல்வேலிப் பக்கம். அந்த ஐப்பசியில் இருவரும் ஒரே வாரத்தில் லீவு கேட்டுத் தொலைத்தோம். எனக்கு எங்கள் ஊர்த் தேர் பார்க்க வேண்டும். அவருடைய அம்மா படுத்த படுக்கை. குமாஸ்தாக்களின் அம்மாக்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் சாகிறார்கள் என்று கேலி பேசும் வெள்ளைக்காரத் துரை அதை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் பங்களாவில் எங்கள் இருவரையும் சதுரங்கம் ஆடச் சொன்னார். ஜெயித்தவன் போகலாம், ஆனால் ஆட்டம் அவர் நாட்டுச் சட்டப்படி.

பங்களாவுக்குப் போகும் வழியில் நண்பர் கேட்டேவிட்டார்: "சாமி, அம்மாவுக்கு நெசமாவே முடியல. நீங்கதான் பாத்துக்கிடணும்."

"அது எனக்குத் தெரியாதா ஓய்" என்றேன். தோற்கத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக.

தினமும் மத்தியானம் நாங்கள் ஆடியது நம்மூர் ஆட்டம். அதில் ராஜா ஒரே ஒரு தரம் குதிரை மாதிரிப் பாய்ந்து பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளலாம். துரை ஆட்டத்தில் அது கிடையாது.

நண்பர் நடுக் காலாளை, துரை சட்டப்படி, இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார். நானும் தள்ளினேன். இரண்டு பக்கமும் குதிரைகள் வெளியே வந்தன. ஆறாவது நகர்த்தலில், பழக்க தோஷம், நண்பர் ராஜாவைத் தூக்கிப் பாய்ச்சிவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே வைத்தார். துரை பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நண்பர் என்னைப் பார்த்தார்.

"தொட்டாச்சோன்னோ ஓய், ராஜாவைத்தான் நகத்தணும்."

சொன்னது நான்தான். துரை நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். ராஜா ஒரு கட்டம் முன்னால் வந்து நடுவெளியில் நின்றது. அதை விரட்டிப் பிடிக்க என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும்? துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாவி, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜெயித்த பிறகாவது லீவை விட்டுக்கொடுத்திருக்கலாம். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை இறங்கினேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பினால், நண்பர் மொட்டைத் தலையோடு மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் போன மூன்றாம் நாள் தந்தி வந்ததாம். இருப்பது ஒரே குமாஸ்தா என்று துரை விடவில்லை. காரியத்தை இங்கேயே ஆற்றங்கரையில் முடித்திருக்கிறார். அவரே எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சாமி. தேரு நல்லா ஓடிச்சா?"

நன்னா ஓடித்து என்று சொன்னேன்.