குழந்தை மீன் என்று ஒரே பெயர்

ஓடைக்குள் கையை விடுவதற்கு முன் பெங் தெகுய் கையை ஆறவைப்பார். கரை மணலை அள்ளி மணிக்கட்டுவரை தேய்ப்பார். சிகரெட் நாற்றம் போய்விட்டதா என்று முகர்ந்து பார்ப்பார். பிறகு இரண்டு கைகளையும் தண்ணீரில் தொங்கவிட்டு, விரல் மரத்துப்போகும்வரை குந்தியிருப்பார். சூடான கை பட்டால் அது மிரண்டுவிடுமாம். அப்புறம்தான் பாறைப் பொந்துக்குள் மெல்ல நுழைத்து, உள்ளே கிடப்பதன் தலையைத் தடவுவார். கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருக்கும். இருக்கிறது. அன்றைக்கு அது போதும்.

குழந்தை மீன் என்பார்கள். மீன் இல்லை, நாலு காலும் தட்டைத் தலையுமாக ஒரு முழத்துக்கு மேல் நீண்ட சாலமண்டர். தூக்கினால் பச்சைக்குழந்தைபோல முனகும் என்பதால் அந்தப் பெயர். ஹூனான் மலைகளில் எந்த ஓடையில் கிடந்தாலும் அதே பெயர்தான். விற்பதற்காகப் பிடித்துப் பிடித்து, வெள்ளைக்கல் ஓடையில் மிஞ்சியது இந்த ஒற்றைக் கிழம் மட்டுமே. ஓடைக்காவலர் பெங்குக்குப் பிள்ளையும் இல்லை.

"என்னைத் தொட வர்றப்ப ஒருநாளாவது கையக் கழுவியிருக்கியாய்யா?" என்பாள் மனைவி லான்யிங்.

"நீ எங்க மிரளப்போற."

ஒரு வசந்தத்தில் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் லுவோ வந்தாள். என்ன இனம் என்று சோதிக்க, கிழத்தின் முதுகில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் குப்பியில் போட்டு எடுத்துப்போனாள்.

கிழத்துக்குத் துணை வேண்டும் என்று மூன்று வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர் பெங். அந்த இலையுதிர்காலத்தில் மனு பலித்தது. லாரியில் நீலத் தொட்டிகள் வந்தன. சிவப்பு ரிப்பன், கேமரா. பண்ணையில் வளர்ந்த இருநூறு குழந்தை மீன்கள். பெங் கையை ஆறவைத்துக்கொண்டு முதலாவதைத் தூக்கினார். கட்டைவிரலுக்கடியில் தலை நெடுகச் சின்னச் சின்ன மருக்கள், இரண்டிரண்டாய். கை அப்படியே நின்றது.

"ஐயா, இதுங்க தலை சொரசொரன்னு இருக்கே. நம்மளோடது வழவழன்னு இருக்குமே."

மாவட்டத்து அதிகாரி சிரித்தார். "குழந்தை மீனுன்னா எல்லாம் குழந்தை மீனுதான் பெங். வயசானா வழவழன்னு ஆயிடும். சந்தேகம்னா உம்ம தலையத் தடவிப் பாரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெங்கும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். இருநூறும் அவர் கையாலேயே தண்ணீருக்குள் போயின.

இருபதாம் நாள் கிழம் பொந்துக்கு வெளியே, வெயிலில் கிடந்தது. அதன் கால்விரல்களெல்லாம் புண், பண்ணை மீன்களோடு வந்த நோய். அன்று பெங் கையை ஆறவைக்கவில்லை. வாதுமை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே கேள்விதான். அதுவும் இதுவும் ஒரே இனமென்றால் ஓடை காலியாகிவிடவில்லை. இல்லையென்றால்? சோற்றுக்கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மறுவருடம் லுவோ வந்தாள். லான்யிங் புகையில் உலர்த்திய பன்றிக்கறியை வதக்கி வைத்தாள். பெங் லுவோவை ஒரு வாய்கூட நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை.

"டீச்சர், அந்தப் பஞ்சுக்குச்சி என்ன சொல்லுது? எங்க கிழவனும் இதுங்களும் ஒரே வம்சந்தானே?"

லுவோ கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "முடிவு இன்னும் வரல, சித்தப்பா. அப்படித்தான் இருக்கணும். பேரு ஒண்ணுதானே."

"கேட்டியா? நானும் அதைத்தானே சொன்னேன்," என்றார் மனைவியிடம்.

"எங்க சொன்ன? வருஷம் பூரா கேட்டுக்கிட்டுல்ல இருந்த."

மறுநாளே மணலில் கையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். பொந்து பொந்தாகத் தடவுவார். எல்லாம் சொரசொரப்புதான். "இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும், வழவழன்னு ஆயிடும்" என்பார். நான்காவது குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டு, போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு வந்தபோதுதான் லுவோ லான்யிங்கிடம் சொன்னாள். அந்தக் கறி விருந்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிவு வந்துவிட்டதாம். பொந்துக் கிழவன் வேறு எந்த ஓடையிலும் இல்லாத தனி இனம். அந்தக் காகிதம் அன்று அவள் நாற்காலியோரப் பைக்குள்தான் இருந்தது.